உக்கிரம் பட்டினி கிடந்த மாம்பழக் காலம்

சித்தூர் ஜில்லாவில் உக்கிரத்திடம் திட்டு வாங்காத மாம்பழம் கிடையாது. மனிதர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். புத்தூர் ரோட்டில் இருந்த எங்கள் மாங்கூழ் தொழிற்சாலையின் வாசலுக்கு வந்த டிராக்டர், அதை ஓட்டி வந்தவர், பழத்துக்குச் சொந்தக்காரர், அவருக்குப் பெண் கொடுத்த மாமனார், அன்றைக்கு அடித்த வெயில் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் தனித்தனியாகத் திட்டு இருந்தது. ஒருவருக்குக் கொடுத்த திட்டை இன்னொருவருக்குத் தரமாட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

அவருடைய நிஜப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் சம்சாரமே ஆபீசுக்குப் போன் செய்தால், "உக்கிரம் கீறாரா?" என்றுதான் கேட்பார். நரசிம்ம சாமிக்கு இருக்கிற உக்கிரம் இவருக்கும் இருக்கிறது என்று யாரோ ஒரு விவசாயி வைத்த பெயர். வைத்தவருக்கும் அன்றைக்கே திட்டு விழுந்திருக்கும்.

நான் அங்கே எடைமேடையில் வேலை பார்த்தேன். நகரியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, வாசலை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து, வருகிற டிராக்டர்களை எடை போட்டுச் சீட்டு கொடுப்பேன். எனக்கும் கோபம் வரும். என் வீட்டுக்காரர் இதைப் படித்தால் 'வரும்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போடுவார். ஆனால் உக்கிரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் என்னைப் பார்த்து எல்லோரும் சாந்த சொரூபி என்றார்கள். அதற்காகவே அந்த வேலையில் நீடித்தேன் என்று நினைக்கிறேன்.

உக்கிரத்தின் வேலை பழம் பார்ப்பது. டிராக்டர்மேல் ஏறி, குவியலின் அடியில் கையை விட்டு ஒரு தோத்தாபுரி மாம்பழத்தை உருவுவார். இடுப்பில் இருக்கும் கத்தியால் ஒரு கீற்று அறுத்து வாயில் போடுவார். விழுங்கினால் பழம் தேறியது என்று அர்த்தம். துப்பினால் திரும்பிப் போக வேண்டியதுதான். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல மாட்டார், திட்டைத் தவிர. விவசாயிகள் கீழே நின்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சீசன் நாளில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை இதே வேலை. மனிதர் மாம்பழத்தாலேயே ஆனவர் என்று சொல்லலாம். தொப்பை டிராக்டரில் ஏறி முடித்த பிறகுதான் கால் ஏறும்.

இப்படிப்பட்ட ஆளைப் பிடித்து, மாம்பழ சீசனில், மாம்பழம் தின்னக் கூடாது என்றார்கள். மாம்பழம் மட்டுமல்ல, சோறும் கூடாது. எனக்கு வந்த கோபமெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

உக்கிரத்துக்கு ஒரு அண்ணன். வெதுருகுப்பம் பக்கத்தில் இருவருக்கும் அடுத்தடுத்து மாந்தோப்பு, நடுவில் ஒரே போர்வெல். ஆளுக்கொரு நாள் தண்ணீர் முறை. விவசாயக் கரண்டு எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. உக்கிரத்தின் கணக்குப்படி, கரண்டு வருகிற நாளெல்லாம் அண்ணன் முறையாகவும் போகிற நாளெல்லாம் இவர் முறையாகவும் அமைந்துவிட்டது. ஒரு கோடையில் வாய் தடித்தது. அண்ணன் மோட்டார் ரூமுக்குப் பூட்டுப் போட்டார். அதோடு பேச்சு வார்த்தை நின்றது. ஊர் உலகத்தைத் திட்டுகிற மனிதர் அண்ணனை மட்டும் திட்டுவதில்லை. யாராவது அவர் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். திரும்பி வரும்போது முகம் செத்துப்போயிருக்கும்.

சில வருஷங்களுக்கு முன்னால், எங்கள் பக்கத்து அம்மன் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரை முடிந்த கையோடு, அந்த அண்ணனின் சம்சாரம் தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். நல்ல மத்தியான வெயில். என் அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தேன். உக்கிரம் வாசலிலேயே நின்றார்.

"அவருக்கு ஈரலு கெட்டுப்பூட்ச்சிப்பா" என்றார் அந்த அம்மாள். "மஞ்ச காமாலைன்னு நெனச்சிக்கினு நாட்டு மருந்து குடுத்துக்கினு இருந்தோம். முத்திப்பூட்ச்சி. யாராச்சும் ஒரு துண்டு ஈரல் குடுத்தாத்தான் பொயப்பாருன்னு மெட்ராஸ்ல டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கு சுகரு, ஒத்துக்க மாட்டேன்னுட்டாங்க. பொண்ணுக்கு ரத்தம் சேரல. நீ ஒருத்தன்தாம்பா கீற."

உக்கிரம் ஆரம்பித்தார். வெயிலில் வந்ததற்குத் திட்டினார். செருப்பில்லாமல் வந்ததற்குத் திட்டினார். நாட்டு மருந்து கொடுத்தவனை, அவனுக்குச் செடியைக் காட்டிக் கொடுத்தவனை, மெட்ராஸ் டாக்டரை, மெட்ராஸை, அங்கே போகிற பஸ்ஸைத் திட்டினார். வரிசையில் நின்ற டிராக்டர்காரர்கள் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அண்ணனைப் பற்றி மட்டும் ஒரு சொல் வரவில்லை. எல்லாம் முடிந்து மூச்சு வாங்கும்போது கேட்டார்.

"எப்ப வரணும்?"

போனார். ரத்தம் சேர்ந்தது. எல்லாம் சரியாக வந்து, கடைசியில் ஸ்கேனில் மாட்டிக்கொண்டார். இவருடைய ஈரலிலும் கொழுப்பு படிந்திருந்தது. இதில் வெட்டி எடுத்தால் அவருக்கும் ஆகாது, இவருக்கும் ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் கொழுப்பைக் குறைத்துக்கொண்டு வந்தால் பார்க்கலாம். அதற்கு மேல் அண்ணன் தாங்கமாட்டார் என்றும் சொன்னார்கள்.

மறுநாள் வந்து ஒரு டீ குடித்தார். அப்புறம் என்னிடம் சொன்னார்.

"என் ஈரல வோணாங்கறாங்கமே. கொழுப்பு கீதாம். எனக்குக் கொழுப்பு கீதுன்னு சித்தூருக்கே தெரியும். இத்தப் பாக்கறதுக்கு ஒரு ஸ்கேனு, அதுக்கு ஏசி ரூமு."

"இப்ப இன்னா பண்ணப் போறண்ணா?"

"பட்டினி" என்றார். சொல்லும்போதே கண் சிவந்துவிட்டது.

திருப்பதியில் ஒரு சின்னப் பெண், டயட்டீஷியன், திட்டம் போட்டுக் கொடுத்திருந்தாள். அரிசி, கேழ்வரகு, கிழங்கு, பழம், சர்க்கரை, வெல்லம் எதுவும் கிடையாது. முட்டை, கறி, மீன், பன்னீர், தேங்காய், கீரை, அளவாக நெய். அதுவும் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல், ராத்திரி எட்டுக்குள். மிச்ச நேரமெல்லாம் தண்ணீர். இதற்குக் கீட்டோ என்று பெயராம். இப்போது கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டே பாதிப்பேர் இந்தப் பெயரைச் சொல்லி அப்பளத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இவருக்கு வாரா வாரம் ரத்தம் எடுத்து, டாக்டர் பார்த்து, அதற்குப் பிறகுதான் அடுத்த வாரத்துக்குச் சம்மதம் கொடுத்தார்கள். இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து சோற்றை நிறுத்துகிறேன் என்று யாரும் எனக்குக் கடிதம் போட வேண்டாம். எனக்கு ஏற்கெனவே இருக்கிற கோபமே போதும்.

முதல் வாரம் நரகம். அவருக்கு எப்படியோ, எனக்கு நரகம். அவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு. டிராக்டர்மேல் நிற்கும்போது கெண்டைக்கால் பிடித்து இழுக்க, குவியலின் நடுவில் ஒற்றைக் காலில் நின்று கத்துவார். கீழே இருக்கிற விவசாயி தன் பழத்துக்குத்தான் இந்தக் கத்தல் என்று நடுங்குவார். ஹாரன் அடித்தால் திட்டு, அடிக்காமல் வந்தால் திட்டு. என் தயிர்சோற்று டப்பாவைத் திறந்தேன், கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார்.

"இன்னாமே அது?"

"சோறுண்ணா."

"சோறுன்னு தெரியிது. எதுக்கு இங்க துன்ற?"

"வேற எங்க துன்றது?"

"ஆந்திராவுல எடமா இல்ல?"

அந்த சீசன் முழுக்க நான் ஜெனரேட்டர் ஷெட்டில் நின்றுகொண்டு சாப்பிட்டேன். டீசல் நாற்றத்தில் தயிர்சோறு எப்படி இருக்கும் என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் என்னைக் கேட்கலாம்.

டயட்டீஷியனுக்கு நானே போன் போட்டேன். இவர் போட்டால் அவள் வேலையை விட்டுவிடுவாள். உடம்பில் உப்புக் குறைந்துபோயிருக்கும், அதனால்தான் தலைவலியும் கால் பிடிப்பும் என்றாள். டாக்டரைக் கேட்டுவிட்டு, தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டுக் குடிக்கச் சொன்னாள், எலும்பு ரசம் வைத்துக் குடிக்கச் சொன்னாள். கேன்டீன் நடத்திய சரசா தினமும் ஆட்டெலும்பு வாங்கிக் கொதிக்க வைத்தாள். இரண்டு நாளில் கால்பிடிப்பு விட்டது. உப்புத் தண்ணீர் பாட்டிலை டிராக்டர் டயர்மேல் வைத்துவிட்டு இவர் மேலே ஏற, கார்வேட்டிநகரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் தாகத்தில் அதை எடுத்து மடக்மடக்கென்று குடித்துவிட்டார். முகம் கோணிப்போய் நின்றவரைப் பார்த்து உக்கிரம், "என் வைத்தியத்தக் குடிச்சிட்டு நிக்கற, நீ இன்னாய்யா ஈரலா குடுக்கப் போற?" என்று சண்டைக்குப் போனார். பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. பழத்தை இறக்காமலே திரும்பிப் போகிறேன் என்றார். நான்தான் ஓடிப்போய் மோர் கொடுத்து நிறுத்தினேன்.

அடுத்தது பழம். விழுங்கக் கூடாது, ஆனால் ருசி பார்க்க வேண்டும். உக்கிரம் ஒரு வழி கண்டுபிடித்தார். கீற்றை வாயில் போட்டு, மென்று, துப்பினார். அவருக்கு அது பத்தியம். கீழே நின்றவருக்கு அது தீர்ப்பு. முதல் டிராக்டர்காரர் வண்டியைத் திருப்பினார். இரண்டாமவர் திருப்பினார். மூன்றாவது பழத்தையும் துப்பியதும் வரிசையே கலைந்தது. தொழிற்சாலை யாருடைய பழத்தையும் வாங்கவில்லையாம் என்று செய்தி பாலசமுத்திரம் கூட்ரோடு வரைக்கும் போய்விட்டது. மத்தியானத்துக்குள் கும்பலாக வந்து வாசலை மறித்தார்கள்.

"ஏமன்னா, மா பண்டு ஏம் பாப்பம் சேசிந்தி?" என்று ஒருவர் கேட்டார். எங்கள் பழம் என்ன பாவம் செய்தது என்று கேட்டார். நியாயமான கேள்வி.

உக்கிரம் டிராக்டர்மேல் நின்றபடி என்னைக் கை காட்டினார். "இனிமே அந்தம்மா துன்னும். அந்தம்மா முழுங்கினா பழம் நல்ல பழம்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து இவர் அறுத்து, முகர்ந்து, விரலால் அழுத்தி, கீற்றை ஜன்னல் வழியாக நீட்டுவார். நான் தின்ன வேண்டும். "இன்னா சொல்லு, புளிப்பு கீதா, நாரு கீதா, பின்னாடி கசக்குதா" என்று பிடுங்குவார். தெரியவில்லை என்றால் இன்னொரு கீற்று. அவர் வயிறு வாரா வாரம் உள்ளே போனது. அந்த வாரங்களில் என் ரவிக்கைகள் ஒவ்வொன்றாகப் பிடிக்க ஆரம்பித்தன. வீட்டில் ராத்திரி, "மாம்பழம் வேணுமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். தட்டைத் தூக்கி எறியாதது அவர் முன்ஜென்மப் புண்ணியம்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடிய கஷ்டம். பெரிய கஷ்டம் ஊரிலிருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் பட்டினி என்றால் அது சாமிக்குத்தான். ஈரலுக்காக ஒருவன் பட்டினி கிடப்பான் என்பது யாருக்கும் ஏறாது. காலையில் டீ வேண்டாம் என்றார், டிபன் வேண்டாம் என்றார். உடனே எல்லோரும் பயபக்தியோடு, "ஏ தேவுடிகி அன்னா?", "எந்த சாமிக்குண்ணா?" என்று கேட்டார்கள். உக்கிரம் முறைத்தார். முறைப்பதும் விரதத்தில் சேர்த்தி என்று முடிவு செய்துகொண்டார்கள்.

விரதக்காரருக்கு என்ன கொடுப்பார்கள்? வாழைப்பழம் வந்தது. பாலும் சர்க்கரையும் வந்தது. வெல்லம் போட்ட அவல் வந்தது. ஒருவர் வீட்டிலிருந்து ஜவ்வரிசிப் பாயசத்தைத் தூக்கில் கொண்டுவந்து, "சாமிக்குப் படச்சதுண்ணா, மறுக்கக் கூடாது" என்று நின்றார். டயட்டீஷியன் விலக்கச் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டு வைத்துக்கொண்டு வந்தது போல இருந்தது. அத்தனையும் என் மேஜைக்கு வந்தது. எல்லாவற்றையும் நான் தின்றேனா என்று கேட்காதீர்கள்.

ஒரு சனிக்கிழமை வெடித்தது. எங்கள் பக்கம் சனிக்கிழமை பெருமாளுக்கு ஒருபொழுது இருப்பவர்கள் அதிகம். ஒரு விவசாயி நெற்றி நிறைய நாமத்தோடு வந்து, விரதம் இருக்கிற புண்ணியவான் என்று உக்கிரத்தின் காலைத் தொட்டார். எழுந்து பார்த்தார். மணி பன்னிரண்டு. புண்ணியவான் இடது கையில் அவித்த முட்டையும் வலது கையில் ஆட்டுக்கறியுமாக நின்றார்.

அடுத்த அரைமணி நேரத்தை நான் எழுத முடியாது. பத்திரிகையில் போடமாட்டார்கள். சாமியை ஏமாற்றுகிறவன் பார்த்த பழத்தை நாங்கள் இறக்க மாட்டோம் என்று கூடி நின்றார்கள். முதலாளி காதுக்குப் போனது. கறியைத் தொழிற்சாலைக்கு வெளியே போய்த் தின்னச் சொல்லு, இல்லை விரதத்தை விடச் சொல்லு என்று மேனேஜரிடமிருந்து ஆள் வந்தது. விட்டால் அண்ணன் கதி என்ன என்று அவர்களில் ஒருவர்கூட நினைக்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

சரசாதான் கரண்டியோடு வெளியே வந்தாள். உக்கிரத்தின் காதில், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எதுக்குண்ணா மறைக்கற? கங்கம்மாவுக்கு வேண்டிக்கினு கீறன்னு சொல்லிட வேண்டிதுதான? ஆத்தாளுக்குக் கறி ஆவும், முட்டை ஆவும். அண்ணன் பொயைக்கணும்னு இருக்கற பட்டினி, யாரு இன்னா கேக்கறது?"

கூட்டம் அடங்கியது. கெடா வெட்டி, கோழி வெட்டிப் படைக்கிற தெய்வத்துக்கு இருக்கிற விரதத்தைக் கறியில் முடித்தால் யார் என்ன சொல்ல முடியும்? நாமக்காரர் மறுபடி காலைத் தொட்டார். உக்கிரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பொய் சொல்லிவிட்டோமே என்று எனக்கு உறுத்தல்தான். "இன்னா பொய்யி? ஆத்தா வோணாம்னா சொல்லப் போவுது?" என்றாள் சரசா.

அதிலிருந்து வந்த வினை யாரும் எதிர்பாராதது. கங்கம்மா ஜாத்திரையில் வேஷம் போட்டு வருகிறவர்கள் கண்ணில் பட்டவர்களையெல்லாம் திட்டுவார்கள். வாங்குகிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தத் திட்டு விழுந்தால் நல்லது நடக்கும் என்று நம்பிக்கை. ஜாத்திரை முடிந்து அதிக நாள் ஆகவில்லை. கங்கம்மாவுக்குப் பட்டினி கிடக்கிறவர், அதுவும் வாய் ஓயாமல் திட்டுகிறவர் என்றால் கேட்க வேண்டுமா? உக்கிரத்தின் திட்டு ஆத்தாளின் திட்டு என்று பரவிவிட்டது. பழமே இல்லாமல் திட்டு வாங்க மட்டும் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் பெண்ணுக்கு வரன் அமையவில்லை என்று பெண்ணையே கூட்டிவந்து நிறுத்தினார்.

"இந்தக் கொழந்தைய ஏய்யா வெயில்ல இட்டாந்த, கூறு கெட்டவனே" என்று உக்கிரம் பாய்ந்தார்.

"போதும்ணா, போதும்" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

உக்கிரத்துக்கு இதைவிட அவமானம் கிடையாது. ஒரு மனிதன் வாழ்நாள் பூராவும் பாடுபட்டுச் சேர்த்த கோபம், அதைக் கண்டு யாரும் பயப்படவில்லை என்றால் எப்படி இருக்கும்? "நான் நெசமாத் திட்டறேன்யா" என்று கெஞ்சிப் பார்த்தார். அதற்கும் கும்பிட்டார்கள். பசியைத் திட்டித்தான் தாங்கிக்கொண்டிருந்தார். இப்போது அதுவும் போனது. பேசாமல் இருக்க ஆரம்பித்தார். பேசாமல் இருந்த உக்கிரத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஆனி பிறந்ததும் எடை இறங்குவது நின்றது. இரண்டு வாரம் ஒரே இடம். டயட்டீஷியன் போனில் அழாத குறை. "ஏதோ உள்ள போகுது அக்கா, என்னன்னு பாருங்க" என்றாள். நான் பார்த்தேன். அவர் தின்னவில்லை, குடிக்கவில்லை. ஒரு நாள் ஜன்னல் வழியாகக் கவனித்தபோது தெரிந்தது. பழத்தை அறுத்து எனக்கு நீட்டியதும் கத்தியை நாக்கில் துடைத்தார். அடுத்த பழம், அடுத்த துடைப்பு. பழக்க தோஷம். அவருக்கே தெரியாது. ஒரு நாளைக்கு எத்தனை டிராக்டர், எத்தனை நக்கல் என்று நினைத்ததும் எனக்குத் தலைக்கு ஏறியது. எழுந்து வெளியே போனேன்.

"கத்தியக் கீழ போடுண்ணா."

"இன்னாமே?"

"நாக்கத் தொட்டுப் பாரு. தித்திக்குதா? அங்க ஒங்கண்ணன் கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடக்கறாரு. இங்க நான் தின்னு தின்னு பீப்பா மாதிரி ஆயிட்டேன். சரசா எலும்ப வெச்சிக் கொதிக்க வெச்சிக்கினு கீறா. நீ கத்திய நக்கிக்கினு நிக்கற. யாருக்காவ இத்தப் பண்றோம்? சொல்லு, யாருக்காவ?"

டிராக்டர்கள் இன்ஜினை அணைத்தன. உக்கிரத்தை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் கத்தியைப் பார்த்தார். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு, டயர்மேல் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுநாளிலிருந்து அறுப்பதும் என் வேலையாயிற்று. வயிறு மறுபடி இறங்கியது.

ஆனி முடிவில் திருப்பதியில் கடைசி ஸ்கேன். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். அண்ணன் அப்போது திருச்சானூரில் மகள் வீட்டில் இருந்தார். ஸ்கேனுக்கு முன்னால் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லி அண்ணி ஆள்மேல் ஆள் விட்டார். "கூட வாமே, எனக்கு இன்னாமோ ஆவுது" என்று உக்கிரம் என்னை இழுத்துப்போனார். சித்தூரிலிருந்து பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வழியில் ஒருவரையும் திட்டவில்லை.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். வயிறு மட்டும் உப்பி, மற்றதெல்லாம் குச்சியாய் இருந்தது. கண் மஞ்சள். உக்கிரம் உள்ளே வந்ததும் எதிரில் ஸ்டூலைக் காட்டினார். அண்ணி தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஆவி பறக்கும் ராகிக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு.

"துன்னு" என்றார் அண்ணன்.

உக்கிரம் நின்றபடி அண்ணியைப் பார்த்துச் சொன்னார். "வெறும் வயித்தோட வரச் சொல்லிக்கீறாங்க. களி ஆவாதுன்னு சொல்லுங்க அவர்கிட்ட."

"என்கிட்ட நேரா சொல்ல மாட்டியா?" என்றார் அண்ணன். மூச்சு இரைத்தது. "இத்தினி வருசம் கயிச்சி வந்துக்கீற. என் ஊட்ல கை நனைக்காத போனா இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? கோவம் தீரலன்னு அர்த்தம். கோவத்தோட குடுக்கற ஈரல உள்ள வெச்சிக்கினு நான் எப்பிடிப் பொயப்பேன்? அது எனக்கு வோணாம். நீ ஊட்டுக்குப் போ."

பகை மாறி வந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமல் எழுந்தால் பகை மாறவில்லை என்றுதான் எங்கள் பக்கம் எடுத்துக்கொள்வார்கள். இதில் அவரைச் சமாதானப்படுத்த முடியாது. சாப்பிட்டால் ஸ்கேன் போச்சு. சாப்பிடாவிட்டால் அண்ணன் சம்மதிக்க மாட்டார். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்தக் களித் தட்டைத் தெருவில் வீச வேண்டும் போலிருந்தது.

உக்கிரம் தட்டைப் பார்த்தார். 

"எந்தக் கையால பூட்டுப் போட்ட?" என்றார். "நைனா தோண்டின போருக்கு எந்தக் கையால பூட்டுப் போட்ட நீ? சாவி வோணும்னு என்னைக் கேக்க வெக்கணும், அதான ஒனக்கு? கேக்க மாட்டேன்னு தெரியாது? மரம் காஞ்சிக்கினு போச்சே, ஒரு நாளாச்சும் வந்து பாத்தியா? காமாலைக்கு எவனோ பச்சிலை குடுத்தான்னு குடிச்சியே, எனக்கு ஒரு போன் போட்டியா? நான் இந்த வருசம் மாம்பழத்து மேல நின்னுக்கினு மாம்பழம் துன்னலடா. முட்டையப் பாத்தாலே வாந்தி வருது. களியப் பாத்து எத்தினி நாளாச்சி தெரியுமா? இப்ப எதுர்ல வெச்சிட்டுத் துன்னுங்கற. துன்னா ஸ்கேன் எடுக்க மாட்டான். ஸ்கேன் இல்லன்னா நீ செத்துப்பூடுவ. நீ செத்துப்பூட்டா நான் எவங்கிட்டடா சண்டை போடறது?"

அண்ணனை 'டா' போட்டுவிட்டார்.  மகள் அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

அண்ணனின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். உப்பிய வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலி தாங்காமல் சிரித்தார்.

"திட்டிட்டான்" என்றார் அண்ணியைப் பார்த்து. "பாத்தியா, என்னையும் திட்டிட்டான். அந்தத் தட்ட எடுத்து மூடி வெய். வந்து துன்னுவான்."

உக்கிரம் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். மிச்சத் திட்டை அண்ணனின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திட்டினார். நேரமாகிறது என்று நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஸ்கேன் அறையில் வயிற்றில் தடவிய ஜெல் சில்லென்று இருந்ததற்கு ஸ்கேன் எடுத்த பையனுக்கும் திட்டு கிடைத்தது. அவன் கும்பிடவில்லை, பயந்தான். உக்கிரம் வெளியே வரும்போது முகத்தில் பழைய களை வந்திருந்தது. கொழுப்பு இறங்கியிருந்தது. வெட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆடி பிறந்த முதல் வாரத்தில் மெட்ராஸில் ஆபரேஷன். காலையில் உள்ளே கொண்டுபோகுமுன் எனக்குப் போன் செய்தார். வாசலுக்கு வருகிற டிராக்டரை யார் பார்க்கிறார்கள், எடை சரியாக விழுகிறதா, மழை வந்தால் குவியலை மூடத் தார்ப்பாய் இருக்கிறதா என்று கத்தினார். இருக்கிறது என்றேன். "இருந்தா சரி" என்றார்.  போனை வைத்துவிட்டார்.

அன்றைக்கு ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போகத் தேவையில்லை. என் மேஜையிலேயே டப்பாவைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. டிராக்டர்கள் வந்தன, போயின. பழம் தின்னச் சொன்னபோது, நாளைக்குப் பார்க்கலாம் என்று எல்லோரையும் ஓரமாக நிறுத்திவைத்தேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அண்ணியின் போன் வந்தது. இரண்டு பேரையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள், இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றார். சொல்லிவிட்டு அழுதார். நான் கேன்டீனுக்குப் போய்ச் சரசாவிடம் சொன்னேன். அவள் எனக்கு ஒரு தட்டில் சோறு போட்டாள். தனக்கும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ இன்னும் துன்னலையா?" என்று கேட்டேன்.

"காலைல இருந்து எறங்கலக்கா" என்றாள்.

சாம்பாரில் புளி தூக்கலாக இருந்தது. திட்டிச் சொல்ல ஆள் இல்லாமல், இரண்டு பேரும் அப்படியே சாப்பிட்டோம்.